மூன்றாம் அறையின் வெள்ளைப் பலகை

அத்தியாயம் ஒன்பது

இதில் வருவது எழுத்துக்கு எழுத்து சத்தியம். நடந்த நாள் திங்கட்கிழமை. இடம் ஓர் அருங்காட்சியகம். சந்தேகப் பிராணிகள் ஆட்களைச் சந்தேகப்படலாம், கடிகாரத்தைச் சந்தேகப்படலாம், துப்பறிகிறவரின் வயதைக்கூடச் சந்தேகப்படலாம். திங்கட்கிழமையை மட்டும் யாரும் சந்தேகப்பட வேண்டாம். அது கல்லில் வெட்டிய சங்கதி. முந்தைய எட்டு அத்தியாயங்களைப் படிக்காமல் நேரே இங்கே வந்து ஏறியவர்களுக்கும் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவற்றில் பெரும்பகுதி மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை என்பவர் உதவித் துப்பறிவாளர். வயது நாற்பத்திரண்டு. பார்த்த வேலைகள் ஏழு, நிலைத்தது ஒன்றுமில்லை, ஆகவே வீட்டோடு மாப்பிள்ளை. துப்பறிகிறவர் அவருடைய மாமியார். அந்த அம்மாள் முப்பத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். அச்சேறுவதற்கு முன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கொம்பு விட்டுப்போயிற்று, எங்கே புள்ளி காணோம் என்று பிழை பிடிக்கிற வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, திருத்துவதற்குத் தாள் வராததால், ஊரைத் திருத்தப் புறப்பட்டுவிட்டார். ஊர் அவருக்கு மெய்ப்பம்மாள் என்று பெயர் வைத்தது. கொண்டையில் ஒரு சிவப்புப் பேனா எப்போதும் குத்தியிருக்கும்.

மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாது என்பதில் மெய்ப்பம்மாள் கண்டிப்பானவர். எவ்வளவு திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

அன்று காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. அழுதுகொண்டே பேசியது மாப்பிள்ளையின் அக்கா. அருங்காட்சியகத்தில் பத்தொன்பது வருஷமாகக் காவலாளி. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, அது பலிக்காமல் போகவே கல்யாணம் செய்து வைத்தவள்.

"அத்தை, அக்காவைத் திருடின்னு சொல்றாங்களாம்" என்றார் மாப்பிள்ளை.

"உங்க குடும்பத்துலயா? திருடறதுக்குச் சுறுசுறுப்பு வேணுமே மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே மெய்ப்பம்மாள் செருப்பை மாட்டினார். சொன்னது கிண்டல். மாட்டிய வேகம் கிண்டல் இல்லை.

பத்து பத்துக்கு அருங்காட்சியக வாசலில் நின்றார்கள். தூண்கள் புதுச் சுண்ணாம்பில் பல் தேய்த்துவிட்டு வந்ததுபோலப் பளிச்சென்றிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய துணிப் பதாகை: 'ஓவியரும் கவிஞருமான அம்மையாரின் வாழ்நாள் படைப்புகள். அறிய ஓவியங்கள். இன்று மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா.'

மெய்ப்பம்மாள் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன அத்தை, நெஞ்சு வலியா?"

"அரிய ஓவியங்கள்னா கிடைக்காத ஓவியங்கள். சின்ன ர போடணும். இந்த ஆளு பெரிய ற போட்டிருக்காரு. யாரு இதை எழுதினது?"

"அத்தை, அக்கா உள்ளே அழுதுட்டிருக்கா."

"அழுகை நிக்கும் மாப்பிள்ளை. அச்சுல ஏறினது நிக்காது."

உள்ளே போகும் வழியில் மேஜைமேல் விழாக் கையேடு இருந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். முதல் பக்கத்தில் ஓவியர் அம்மையாரின் புகைப்படம். குட்டை முடி, தடித்த கண்ணாடி, படம் எடுத்தவனைக் கடிக்கிற பார்வை. வண்ணத்தில் எழுதுவார், சொல்லில் தீட்டுவார் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அவருக்கே சலித்துப்போய் மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோனார். நடுப்பக்கத்தில் அவருடைய தலைசிறந்த படைப்பு. ஆறடிக்கு நாலடி மரப்பலகை. சாம்பல் நிறத்தின்மேல் துருப்பழுப்பில் பெரிதாய், ஓரம் பிசிறிய ஒரு திட்டு. பெயர்: 'கரை'. கீழே, பலகையின் பின்புறம் அவரே எழுதிய கவிதை என்ற குறிப்போடு நாலு வரி:

துடைக்கத் துடைக்கப் பெரிதாகிறது.
விட்டுவிட்டேன்.
இப்போது சுவருக்கு
என்னைத் தெரியும்.

மாப்பிள்ளை இரண்டு தடவை படித்தார். "கடற்கரையை யாரு அத்தை துடைக்கிறது? முனிசிபாலிட்டியா?"

மெய்ப்பம்மாள் திரும்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்ல கேள்வி மாப்பிள்ளை. பத்திரமா வச்சிருங்க. நீங்க இதுவரைக்கும் கேட்டதுலயே இது ஒண்ணுதான் தேறும்."

மூன்றாம் அறையில் அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சீருடை கசங்கவில்லை. முகம் கசங்கியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் உதடு கோணியது. மாமியாரைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டது.

"வாங்க சம்பந்தி" என்றாள். அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் சம்பந்தி.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"திருடினீங்களா?"

"இல்லை."

"முதல்ல சாப்பிடுங்க. ரெண்டாவது கேள்வியை நான் பார்த்துக்கறேன்."

வடக்குச் சுவரில் 'கரை' இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவில் வெள்ளைவெளேர் என்று ஒரு பலகை தொங்கியது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதற்கு ஐந்தடி முன்னால் கயிறு கட்டி, கயிற்றுக்கு முன்னால் அருங்காட்சியகத்தின் இயக்குநர் நின்றார். கலையில் முனைவர். அவர் பட்டம் வாங்கியதே இந்தப் படத்தின்மேல்தான். 'அழிவற்ற கரை', நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அலை பின்வாங்கிய மணல், பெண்மனத்தின் ஓரம், இருப்புக்கும் இன்மைக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு என்று அதில் அவர் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை.

"கிட்டே வராதீங்க! கைரேகை இருக்கும். போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார்.

"போலீஸுக்குச் சொல்லியாச்சா?"

"பன்னிரண்டு மணி வரைக்கும் அவகாசம் குடுத்திருக்கேன். படத்தை எங்க வச்சிருக்கான்னு அதுக்குள்ள சொல்லிட்டா வேலை மட்டும்தான் போகும். சொல்லலைன்னா கம்பிதான். சனிக்கிழமை சாயங்காலம் படம் இருந்தது. இவதான் பூட்டினா. இன்னிக்குக் காலையில இவதான் திறந்தா. படத்தைத் தூக்கிட்டு வெள்ளைப் பலகையை மாட்டி வச்சிருக்கா. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு இவகிட்ட, ஒண்ணு என் மேஜையில."

"நேத்து ஞாயித்துக்கிழமை யாராவது வந்தாங்களா?"

"விழாவுக்காக மூடியிருந்தோம். யாரும் வரலை."

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், அவருக்கு நக்கல் வரும். "சார், எங்க அக்கா அரிசி மூட்டையைத் தூக்கவே என்னைக் கூப்பிடுவா. நானும் தூக்கினது இல்லை. மூட்டை இன்னும் கடையிலதான் இருக்கு. ஆறடிப் பலகையை எப்படித் தூக்குவா?"

"காரணம் இருந்தா பலம் தானா வரும்." இயக்குநர் கோப்பிலிருந்து மூன்று கடிதங்களை உருவினார். "இந்த அறையிலேர்ந்து மாத்தச் சொல்லி மூணு தடவை எழுதியிருக்கா. படத்தைப் பார்த்தா தலைவலிக்குதாம். அந்த வெறுப்புதான்!"

மெய்ப்பம்மாள் கடிதங்களை வாங்கினார். அக்காவின் குண்டு எழுத்து: 'ஐயா, எனக்கு எதிரே உள்ள கறையை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதால் தலை வலிக்கிறது.' மூன்று கடிதத்திலும் 'கறை' என்ற சொல்லைச் சுழித்து, ஓரத்தில் 'கரை! எழுத்துப்பிழை!' என்று இயக்குநர் எழுதியிருந்தார். மூன்றாவதில் ஆச்சரியக்குறி நாலு.

"ரூமை மாத்தலையே ஒழிய, ஒவ்வொரு தடவையும் நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொன்னாரு" என்றாள் அக்கா சின்னக் குரலில்.

"எழுதினீங்களா?"

"எழுதினேன். தலைவலி ஜாஸ்தியாச்சு."

மெய்ப்பம்மாள் கயிற்றோரமாகக் குனிந்து தரையைப் பார்த்தார். பலகைக்கு நேர் கீழே, பளபளத்த தரையில், மிளகு அளவில் வெள்ளைச் சொட்டுகள். பக்கத்தில் அக்கா உட்காரும் முக்காலியின் மேலும் இரண்டு சொட்டு.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. திருட வர்றவன் வெள்ளைப் பலகையை எங்க வச்சு வெள்ளையடிப்பான்?"

"வீட்டுல."

"அடிச்சுக் காய வச்சுத்தானே தூக்கிட்டு வருவான்? இவன் இங்க வந்து நின்னு அடிச்சிருக்கான். சொட்டு விழுந்திருக்கு."

"ஒருவேளை கடமை உணர்ச்சியுள்ள திருடனோ என்னவோ. திருடின இடத்தைச் சுத்தமா வச்சிட்டுப் போவோம்னு."

"அப்படி ஒருத்தன் இருந்தா என் பொண்ணை அவனுக்குக் குடுத்திருப்பேனே."

சொட்டுகள் முக்காலியோடு நிற்கவில்லை. கதவைத் தாண்டின. நடைவழியில் மூன்றடிக்கு ஒன்றாக, நடந்துபோன ஒருவனின் கைவாளி ஆடிய தாளத்தில் விழுந்திருந்தன. மாமியார் முன்னால் குனிந்து போக, மாப்பிள்ளை பின்னால் குனிந்து போனார். எதிரே வந்த அலுவலக எழுத்தர், ஏதோ புதுவகைக் கலை நிகழ்ச்சி என்று நினைத்து ஒதுங்கி நின்று கைதட்டினார்.

சொட்டு பின்வாசலில் இறங்கி, முற்றத்துக் குழாயடியில் போய் நின்றது. அங்கே ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுண்ணாம்படிக்கிற மட்டைத் தூரிகையை அலசிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. அதில் எது வயது, எது சுண்ணாம்பு என்று பிரிக்க முடியவில்லை.

"அண்ணே, வாசல் தூணெல்லாம் நீங்க அடிச்சதா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாங்க."

"கண்ணு கூசுது."

வெள்ளையடிப்பவர் முகம் மலர்ந்தது. "கூசணும். அதுதான் வேலை."

"உள்ளேயும் வேலை செஞ்சீங்களோ?" என்றார் மெய்ப்பம்மாள்.

"நேத்துதாம்மா செஞ்சேன். டைரக்டர் ஐயா தன் சாவியைக் குடுத்தாரு, வாசல் வாட்ச்மேன் தொறந்துவிட்டாரு."

மாப்பிள்ளை மாமியார் காதில் சொன்னார்: "யாரும் வரலைன்னாரே அந்த ஆளு?"

"அவரு அகராதியில 'யாரும்'னா படிச்சவங்க மட்டும் போலிருக்கு" என்ற மெய்ப்பம்மாள், வெள்ளையடிப்பவர் பக்கம் திரும்பினார். "மூணாம் ரூம்ல என்ன வேலை அண்ணே?"

"அய்யோ அதைக் கேக்காதீங்க! சுவரு பூரா நல்லா இருக்கு, நடுவுல ஓதம் ஏறி இம்மாம் பெருசு பழுப்பு. தெரியாம இருக்கட்டும்னு யாரோ பலகை வச்சு மூடியிருக்காங்க. பாவம், அந்தப் பலகையிலயும் ஓதம் ஏறிடுச்சு. ஒரு கோட்டிங் அடிச்சா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி, சுண்ணாம்பு உக்கார மாட்டேங்குது. ரெண்டாவது அடிச்சேன். தெரிஞ்சுது. நானா அதுவான்னு மூணாவது அடிச்சேன். இப்பப் போய்ப் பாருங்க. எங்க இருந்துச்சுன்னு யாராலயாவது சொல்ல முடியுமா?"

"முடியலை அண்ணே" என்றார் மாப்பிள்ளை. குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது. "முனைவராலயே சொல்ல முடியலை."

"அடிக்கச் சொன்னது யாரு?"

வெள்ளையடிப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்தார். கணினியில் தட்டச்சு செய்து, கீழே இயக்குநரின் கையெழுத்துப் போட்ட வேலைப் பட்டியல். மெய்ப்பம்மாள் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய கை தானாகக் கொண்டைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவை உருவியது.

'ஒன்று: வாசல் தூண்கள், இரண்டு முறை. இரண்டு: கழிவறைக் கதவு, பச்சை. மூன்று: அறை எண் மூன்று, வடக்குச் சுவர், கறை. விழா வரை ஒருவர் கண்ணிலும் படக் கூடாது. முழுதாக மறைக்கவும். நான்கு: திறை, சிவப்பு, ஆறு அடி.'

"நாலாவது வேலையைச் செய்யலையே அண்ணே?"

"அது என்னன்னு புரியலைம்மா. பள்ளிக்கூடம் படிக்கிற என் பொண்ணைக் கேட்டேன். திறைன்னா ராஜாவுக்குக் கட்டுற கப்பம்பான்னுச்சு. சிவப்புல ஆறடிக் கப்பம் யாருக்குக் கட்டறது? நமக்கெதுக்கு அரசாங்க விவகாரம்னு விட்டுட்டேன்."

"உங்க பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு. நல்லா படிக்க வைங்க." மெய்ப்பம்மாள் இரண்டு எழுத்துகளைச் சிவப்பில் சுழித்தார். "மாப்பிள்ளை, பாருங்க. அந்த ஆளு சொல்ல வந்தது, 'கரை'ங்கிற படத்தை விழா வரைக்கும் சிவப்புத் திரை போட்டு மறைக்கச் சொல்லி. ரெண்டு இடத்துலயும் பெரிய ற போட்டாரு. படம் கறையாச்சு. திரை கப்பமாச்சு. கறையை மறைக்கச் சொன்னா இவரு என்ன பண்ணுவாரு?"

"அப்ப படம் திருடே போகலையா அத்தை?"

"அது பாட்டுக்கு ஆணியிலயே தொங்குது, பவுடர் போட்டுக்கிட்டு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு மணி. பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிஷம். துணி ஊறிய தண்ணீர் வாளி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஏழு வேலையிலும் ஓடாத ஓட்டம் அது.

மூன்றாம் அறையில் இயக்குநர் ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் புகார்க் கடிதமுமாக நின்றார். அக்கா தன் அடையாள அட்டையைக் கழற்றி முக்காலிமேல் வைத்திருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்! படம் கிடைச்சிருச்சு!"

"எங்கே?"

"உங்க முன்னாடி."

இயக்குநர் வெள்ளைப் பலகையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தொலைபேசியில் எண்ணை அழுத்தினார்.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்த மெய்ப்பம்மாள், புகார்க் கடிதத்தை அவர் விரலிடுக்கிலிருந்து உருவி ஒரு பார்வை பார்த்தார். "இதையா ஸ்டேஷனுக்குக் குடுக்கப் போறீங்க? 'காவலாளி படத்தைத் திறுடிவிட்டார்'னு போட்டிருக்கு. திருடினாத்தான் ஜெயில். திறுடறதுக்குச் சட்டத்துல தண்டனையே இல்லை."

"கம்ப்யூட்டர் தானா மாத்திடுது!"

"உங்க டைப்பிஸ்ட் எங்கே?"

"தப்புத் தப்பா அடிக்கிறான்னு லீவுல அனுப்பிட்டேன்."

மெய்ப்பம்மாள் வேலைப் பட்டியலை அவர் கையில் வைத்தார். சிவப்புச் சுழிகளில் விரலை வைத்துக் காட்டினார். வாசலில் வெள்ளையடிப்பவர் நின்று, "குறை ஏதும் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார். இயக்குநர் பட்டியலைப் படித்தார். தொலைபேசி கையிலிருந்து நழுவியது. பிடிக்க யாரும் முயலவில்லை.

"மூணு கோட்டிங்ங்க" என்றார் வெள்ளையடிப்பவர், கூடுதல் தகவலாக.

"என் கரை!" என்று இயக்குநர் அலறினார். "என் கரையைக் கொன்னுட்டான்!"

"சாகலை. எண்ணெய் வண்ணத்து மேல சுண்ணாம்பு ஒட்டாது. இந்த அண்ணனே சொன்னாரு. உங்க படத்தோட பேரே வழி சொல்லுதே சார். கரை! கரைச்சு விட்டா வந்துரும்." மெய்ப்பம்மாள் ஈரத்துணியைப் பிழிந்தார். இயக்குநரிடம் நீட்டவில்லை. மாப்பிள்ளையிடமும் நீட்டவில்லை. "சம்பந்தி, நீங்க வாங்க. இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டவங்க நீங்க."

அக்கா கயிற்றைத் தாண்டினாள். நட்டநடுவில் துணியை வைத்து மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தாள். வெள்ளை வழிந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு தெரிந்தது. இன்னோர் இழுப்பு. முறம் அளவுக்கு ஆயிற்று. அடுத்த இழுப்பில் வண்டிச் சக்கரம் அளவுக்கு.

மாப்பிள்ளை கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல வாசித்தார்: "துடைக்கத் துடைக்கப் பெரிதாகிறது."

மெய்ப்பம்மாள் சட்டென்று திரும்பினார். "மாப்பிள்ளை! காலையில பத்திரமா வச்சிருக்கச் சொன்னேனே ஒரு கேள்வி, அதை எடுங்க."

"கடற்கரையை யாரு துடைக்கிறது?"

"யாரும் துடைக்கிறதில்லை. துடைக்கத் துடைக்கப் பெருசாகறது கரை இல்லை. சம்பந்தி, உங்க கடுதாசியில மூணு தடவையும் பெரிய ற போட்டீங்களே, ஏன்?"

அக்கா துணியோடு நின்றாள். இயக்குநரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "எனக்கு எழுத்துப்பிழை வரும் சம்பந்தி. ஐயா சொல்லியிருக்காரு."

"அவரு சொன்னது இருக்கட்டும். நீங்க எங்க பார்த்தீங்க?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அந்தம்மாவே கொண்டாந்து மாட்டினாங்க. ஒரு பக்கம் நான் பிடிச்சேன். பின்பக்கம் எழுதியிருந்துச்சு. மாட்டி முடிச்சு, என் முக்காலியில உக்காந்து என் டீயில பாதி குடிச்சாங்க. என்னம்மா படம் இதுன்னு கேட்டேன். 'வாடகை வீட்டுச் சுவத்துல இருந்துச்சு. வீட்டுக்காரன் திட்டினான். அவனுக்குப் பயந்து துடைச்சுப் பார்த்தேன், போகலை. அதான் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்'னாங்க. அப்புறம் ஐயா புத்தகத்துல வேற மாதிரி எழுதினாரு. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு…"

"மாப்பிள்ளை, அண்ணே, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க. திருப்புங்க."

இயக்குநர் "வேண்டாம்" என்றார். அது அவர் அன்று பேசியதிலேயே மிகச் சின்ன வாக்கியம். அதற்குள் பலகை திரும்பிவிட்டது. பின்புறத்தில், கரித்துண்டால், கோணலும் அவசரமுமான கையெழுத்தில் நாலு வரிக் கவிதை. அதற்கு மேலே தலைப்பு. பதினோரு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைப்பு.

கறை.

பெரிய ற. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

இயக்குநர் போய் அக்காவின் முக்காலியில் உட்கார்ந்தார். அதில் அடையாள அட்டை இருந்தது, குத்தியிருக்கும், அவருக்குத் தெரியவில்லை.

"பின்பக்கத்தை அன்னிக்கு நான்தான் பார்த்து எழுதிக்கிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்" என்றார்.

"பட்டியல் அடிச்சப்ப வாழ்க்கையில ஒரே ஒரு தடவை சரியா எழுதியிருக்கீங்க சார்" என்றார் மாப்பிள்ளை. "அதைத்தான் நாங்க பிழைன்னு சுழிச்சுட்டோம். மன்னிக்கணும்."

இயக்குநருக்குப் பேச்சு வந்தது. கெஞ்சலாக வந்தது. புகாரைக் கிழித்துவிடுகிறேன், காவலாளியை இன்றைக்கே தலைமைக் காவலாளி ஆக்குகிறேன், தலைவலிக்கு ஜன்னல் உள்ள அறையாகத் தருகிறேன். பதிலுக்கு ஒரே ஓர் எழுத்து. படத்தைப் பழையபடி மாட்டிவிடலாம். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? மாலை ஐந்து மணிக்கு 'கரை'யாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் ஒரு காற்புள்ளிக்காக முதலாளிகளோடு மல்லுக்கு நின்ற கிழவி. ஆனால் அந்தப் பக்கம் அக்காவின் வேலை. மாப்பிள்ளைக்கு நக்கல்கூட வரவில்லை.

மெய்ப்பம்மாள் பேனாவைக் கொண்டையில் செருகினார். "இது நான் முடிவு பண்ற விஷயம் இல்லை. சம்பந்தி, நூறு நூறா முந்நூறு தடவை எழுதினது நீங்க. நீங்க சொல்லுங்க."

அக்கா துணியை வாளியில் போட்டாள். கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள். வெள்ளையாக ஐந்து விரலும் பதிந்தது.

"ஐயா, எனக்குப் பதவி வேண்டாம். இந்த ரூமே போதும். எழுத்தை மாத்திருங்க. என்ன இருக்குன்னு தெரியாமப் பார்த்துட்டிருந்ததுலதான் எனக்குத் தலைவலி வந்துச்சு. கறைன்னு எழுதி வச்சா வராது."

"மாத்த மாட்டேன்னா?" என்றார் இயக்குநர், கடைசி முயற்சியாக.

"அப்ப நான் வெளிய போறேன்" என்றார் மெய்ப்பம்மாள். "வாசல்ல நின்னு, வர்ற விருந்தாளிங்க ஒவ்வொருத்தருக்கும் இந்த வேலைப் பட்டியலை வாசிச்சுக் காட்டுவேன். மாப்பிள்ளை நடிச்சுக் காட்டுவாரு."

"நான் கப்பமா வருவேன்" என்றார் மாப்பிள்ளை. "சிவப்புல. ஆறடி."

இயக்குநர் எழுந்தார். முக்காலியிலிருந்த அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்று மெய்ப்பம்மாள் கேட்டார். எழுதித் தந்தார். 'மிகவும் வறுந்துகிறேன்' என்று இருந்தது. திருப்பித் தந்தார். இரண்டாவது கடிதத்தில் வருத்தம் சரியாக இருந்தது, 'தவறு' தவரிவிட்டது. மூன்றாவது தேறியது. மற்றதையெல்லாம் நூறு தடவை எழுதச் சொல்லலாமா என்று மாப்பிள்ளை ஆலோசனை சொன்னார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாலை ஐந்து மணிக்குச் சிவப்புத் திரை விலகியது. கீழே பெயர்ப்பலகையில் 'கரை' என்று அச்சிட்டிருந்ததை அடித்து, மேலே சிவப்புப் பேனாவால் 'கறை' என்று திருத்தியிருந்தது. ஓரத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் போடுகிற குறியும் இருந்தது. தலைமை விருந்தினர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, பார்ப்பதை நிறுத்தினால் பேச வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் நின்ற காவலாளியிடம், "இது என்னம்மா?" என்று கேட்டார்.

"கறைங்க. அந்தம்மா துடைச்சுப் பார்த்தாங்க, போகலை. நேத்து மூணு கோட்டிங் அடிச்சோம், அப்பவும் போகலை. இனிமே போகாது."

கூட்டம் கை தட்டத் தொடங்கியது. முன்வரிசையில் விமர்சகர்கள் நாலு பேர் குறிப்பேட்டைத் திறந்தார்கள். வெள்ளையடிப்பவர் தன் மகளைத் தோளில் தட்டி, "அது நான் அடிச்சது" என்றார். இயக்குநர் சுவரோரம் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். 'அழிவற்ற கறை' என்ற இரண்டாம் பாகத்துக்கு எத்தனை பக்கம் வரும் என்பது கணக்கு.

"தலைவலி எப்படி இருக்கு?" என்று தம்பி கேட்டார்.

அக்கா படத்தைப் பார்த்தாள். "இல்லைடா" என்றாள்.

எழுத்துக்கு எழுத்து சத்தியம் என்று தொடங்கிவிட்டதால், ஒரு தகவலை விட்டுவிடுவது நியாயம் ஆகாது. அந்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. கட்டிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு திங்கட்கிழமைகூட அதன் கதவைத் திறந்ததில்லை.